ஜப்பானுக்கு நாங்கள் ஏற்றிய வட்டி

எனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு அமெரிக்காவின் மேல் கோபம் வந்தது. அதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி நான் நல்லதாகவோ கெட்டதாகவோ நினைத்ததே இல்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க வங்கியில் கடன் வாங்கியிருந்தோம். கணவருக்குக் கல்லல் பக்கம் நிலம். நெல்லும் கொஞ்சம் கடலையும் போடுவார். தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வேறு வேலையாக வங்கிக்குப் போன ஒரு நாள், கடன் எப்போது முடியும் என்று சும்மா கேட்டேன். மேலாளர் கணினியைப் பார்த்துச் சொன்ன வருடம், முதலில் எங்களிடம் சொன்ன வருடம் இல்லை. நன்றாகத் தள்ளிப் போயிருந்தது. மாதம் கட்டும் பணத்தில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. முடியும் நாள் மட்டும் ஓசைப்படாமல் நகர்ந்திருந்தது.

"ஏன் சார் இப்பிடி?" என்றேன்.

"வட்டி ஏறிருச்சும்மா. எல்லா எடத்துலயும் ஏறுது."

"எதுக்கு ஏறுது?"

"அமெரிக்காவுல ஏத்திட்டாங்க. அங்க ஏத்துனா இங்கயும் ஏறத்தானே செய்யும்."

"நாங்க என்ன அமெரிக்காவுலயா சார் மாடி கட்டிருக்கோம்?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். "அதெல்லாம் பெரிய சப்ஜெக்ட்டும்மா" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பெரிய சப்ஜெக்ட் என்றால் படித்துவிட வேண்டியதுதானே? வீட்டுக்கு வந்தும் அந்த நினைப்பு போகவில்லை. பி.ஏ. வரலாறு முடித்த கையோடு கல்யாணம் ஆனவள் நான். மகள் கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். மகன் பிளஸ் டூ. வாரக் கடைசியில் மட்டும் வகுப்பு நடக்கும் எம்.ஏ. பொருளாதாரம் எங்கள் ஊரிலேயே இருப்பதை மகள்தான் போனில் தேடிச் சொன்னாள். கணவரிடம் சொன்னேன். அவர் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வட்டி ஏறுனா ஊரு ஒலகத்துல பேங்க மாத்துவாக. நீ என்னடான்னா படிக்கக் கெளம்புற" என்றார். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, "சனி ஞாயிறு சோறு?" என்று கேட்டார்.

"நீங்கதான் ஆக்கணும்."

"சரி, போ. நல்லா இல்லைன்னு சொல்லக் கூடாது."

அந்த இரண்டு வருடமும் சனி ஞாயிறுகளில் ரசத்தையே சாம்பார் என்று சொல்லி எங்களுக்கு ஊற்றினார். நாங்களும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம்.

முதல் வகுப்பில், எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று பேராசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டார். பதவி உயர்வு, சம்பள உயர்வு என்று பதில்கள் வந்தன. என் முறை வந்தபோது, "அமெரிக்காவில் வட்டி ஏறினால் என் வீட்டுக் கடனுக்கு ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர். கத்தோலிக்கக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவள் என்றாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட வாய் வந்தது. இன்னொருவர், செக்காலை ரோட்டில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அண்ணன். மகள்களைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி நமக்காகப் படிப்போம் என்று வந்தவர். இடைவேளையில் என்னிடம் வந்து, "ஆத்தா, நீ கேட்ட கேள்விக்கு வெடை தெரிஞ்சா எனக்கும் சொல்லணும். டாலர் ஏறுனா எங்கடைச் சாமானெல்லாம் ஏறுது. ஏன்னு கேட்டா ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியல" என்றார்.

அன்றிலிருந்து மூன்று பேரும் ஒரே பெஞ்சு.

எங்களை முதலில் தடுக்கி விழ வைத்தது கடன் பத்திரம். அரசாங்கங்கள் பத்திரம் விற்றுக் கடன் வாங்குகின்றன என்பது வரை சரி. பத்திரத்தின் விலை ஏறினால் அதன் வட்டி இறங்கும், விலை இறங்கினால் வட்டி ஏறும் என்று புத்தகம் சொன்னது. எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூட்டியிருந்த அண்ணனின் கடைக்குள் உட்கார்ந்து டீச்சர் எங்களுக்கு அதைப் பிரித்துப் போட்டாள்.

"ஒரு வருஷங்கழிச்சு நூறு ரூபா தாரேன்னு அரசாங்கம் ஒரு தாள்ல எழுதிக் குடுக்குதுன்னு வைங்க. அந்தத் தாள இன்னைக்கு நீங்க தொண்ணூறுக்கு வாங்குனா லாபம் எம்புட்டு அக்கா?"

"பத்து."

"எனக்கு ஒனக்குன்னு எல்லாரும் போட்டி போட்டு அதே தாள் தொண்ணூத்தெட்டுக்குப் போயிருச்சுன்னா?"

"ரெண்டுதான்."

"அம்புட்டுத்தான் அக்கா. அந்த லாபந்தான் வட்டி."

அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "அடடா, இது நம்ம ஏலச்சீட்டுல்ல! பணத்துக்கு அல்லாடுறவன் நெறையாத் தள்ளிச் சீட்ட எடுப்பான். அவசரமில்லாதவன் கொஞ்சமாத் தள்ளுவான். நாடும் அப்பிடித்தானா?"

"அப்பிடித்தான்" என்றாள் டீச்சர். அப்புறம் அந்தப் பாடத்தில் எங்களுக்குச் சிக்கலே இல்லை.

என் கேள்விக்கான விடை ஒரு பஸ்ஸில் கிடைத்தது. உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் வட்டி ஏறினால் உலகத்துப் பணமெல்லாம் அங்கே போகப் பார்க்கும். போகிற பணம் டாலராக மாறித்தான் போகும். எல்லோரும் டாலரைக் கேட்டால் ரூபாய் இளைக்கும். ரூபாய் இளைத்தால் கச்சா எண்ணெய்க்கு அதிக ரூபாய் கொடுக்க வேண்டும்; டீசல் ஏறும், காய்கறி ஏறும். விலைவாசியைப் பிடிக்கவும் பணத்தை இங்கே நிறுத்தவும் நம் மத்திய வங்கியும் வட்டியை ஏற்றும். என் மாடிக்கும் ஏறும். புத்தகத்தில் நாலைந்து அத்தியாயங்களில் சிதறிக் கிடந்தது, பள்ளத்தூர் தாண்டும்போது ஒரே கோடாக என் மனசில் ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரம்மா பையை மடியோடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த வாரமே வங்கிக்குப் போய், தவணையைக் கூட்டி வருடங்களைக் குறைக்கச் சொன்னேன். அப்படிக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மேலாளர் மறுப்புச் சொல்லாமல் செய்துகொடுத்துவிட்டு, "எங்கேம்மா படிக்கிறீங்க?" என்று கேட்டார். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆனால் அதற்குள் எனக்குப் படிப்பின் ருசி பிடித்துவிட்டது. என் மாடியை விட்டுவிட்டு அடுத்த நாடுகளின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். எந்த நாட்டுக்கு எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, எந்தப் பணத்தில் வாங்கியது, எப்போது திருப்ப வேண்டும். அடுத்த வீட்டு வம்பில் இல்லாத சுவாரசியம் அதில் இருந்தது.

இரண்டாம் வருடம் பேராசிரியர் ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னார். தென்னிந்தியக் கல்லூரிகளுக்கு நடுவே நடப்பது. அந்த முறை கானாடுகாத்தானில், ஓட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அணிக்கும் குலுக்கலில் ஒரு தொழில்வள நாடு கிடைக்கும். அந்த நாட்டின் மத்திய வங்கியாக நம்மை நினைத்துக்கொள்ள வேண்டும். வட்டியை ஏற்றுவதா, இறக்குவதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்து, நடுவர்கள் முன்னாலும் மற்ற அணிகள் முன்னாலும் அந்த முடிவைக் காப்பாற்ற வேண்டும்.

நாங்கள் பேர் கொடுத்தோம். ஒரே ஒரு சிக்கல். டீச்சருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எனக்குப் படிக்க வரும், பேச வராது. அண்ணனுக்கு உதிரிபாகங்களின் பெயர்கள் மட்டும் வரும். ஏற்பாடு செய்தவர்களுக்குப் போன் போட்டேன்.

"தமிழ்ல பேசலாமா மேடம்?"

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்களே" என்றார் அந்தப் பெண். "விதியில கூடாதுன்னும் இல்ல. கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் அவரே கூப்பிட்டார். பேசலாமாம். நடுவர்களில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருப்பதால், அவர் காதோரம் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஆள் போடுகிறார்களாம். திரையில் காட்டும் படங்கள் மட்டும் இங்கிலீஷில் இருக்க வேண்டுமாம். அதை டீச்சர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

குலுக்கலில் எங்களுக்கு ஜப்பான் விழுந்தது.

அண்ணனுக்கு ஏமாற்றம். "அமெரிக்கா விழுந்திருந்தா நாலு வார்த்தை பேசலாம். ஜப்பானப் பத்தி எனக்கு பைக்க விட்டா என்னாத்தா தெரியும்?"

ஆனால் உள்ளே இறங்கிப் பார்த்தபோது, அதைவிட வினோதமான நாடு எங்களுக்குக் கிடைத்திருக்காது என்று தெரிந்தது. அந்த அரசாங்கத்தின் கடன், நாடு முழுவதும் ஒரு வருடம் உழைத்துச் சம்பாதிப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பணக்கார நாடுகளில் அத்தனை கடன் வேறு யாருக்கும் இல்லை. வட்டியோ எல்லோரையும்விடக் குறைவு. குறைவு என்றால், பூஜ்யத்துக்கும் கீழே. அங்கே வங்கிகள் தங்கள் மத்திய வங்கியில் போட்டு வைக்கும் பணத்தில் ஒரு பகுதிக்கு, போட்டவர்களே பணம் கட்ட வேண்டும்.

"பணத்தப் போட்டவனே வட்டி கட்டுறதா?" அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். "என்னாத்தா அநியாயமா இருக்கு!"

"காசப் பூட்டி வைக்காம வெளிய விடட்டும்னுதான் அண்ணே. அங்க ரொம்ப வருஷமா வெலைவாசி ஏறவேயில்ல. நாளைக்கும் இதே வெலைதான்னா இன்னைக்கு யாரு வாங்குவாக? வியாபாரம் படுத்துருச்சு. அதத் தூக்கி விடத்தான் வட்டிய இந்தப் போடு போட்டு எறக்கி வச்சாக."

"இப்ப?"

"இப்ப வெலைவாசி ஏறுது. சம்பளமும் ஏறப் பாக்குது. அவுக பணம் யென் இளைச்சுக் கெடக்குது. ஏத்தணும்னு நான் சொல்லுறேன்."

டீச்சர் தலையை ஆட்டவில்லை. "கூடாது அக்கா" என்றாள்.

எங்களுக்குள் வந்த ஒரே சண்டை அதுதான். இத்தனை பெரிய கடனுக்கு வட்டி துளி ஏறினாலும் அரசாங்கம் மூழ்கிவிடும் என்பது அவள் கட்சி. நான் என் மாடிக் கடனை நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏன் உடனே வலித்தது? அது ஏறி இறங்கும் வட்டிக் கடன். அங்கே ஏற்றினால் இங்கே அப்போதே தைக்கும். ஜப்பான் அப்படியா வாங்கியிருக்கிறது? தேடினோம். அதன் கடனில் பெரும்பகுதி பல வருடப் பத்திரங்கள். விற்ற நாளன்று பேசிய வட்டி கடைசி வரை மாறாது. புதிதாக வாங்கும் கடனுக்குத்தான் புது வட்டி. சுமை ஏறும், ஆனால் மெல்ல ஏறும். சமாளிக்க அவகாசம் உண்டு.

டீச்சர் ஒரு வாரம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "நீங்க சொல்றதுதான் சரி அக்கா. ஆனா நான் சொல்றதும் தப்பில்ல. ஏத்துவோம். ரொம்பச் சின்னதா ஏத்துவோம். ஏத்தப்போறோம்னு முன்கூட்டியே சொல்லிட்டு ஏத்துவோம். அதுக்கு ஒத்துக்கிட்டா நான் வாரேன்."

யோசித்துப் பார்த்தேன். என் முடிவைவிட அது நல்ல முடிவு. ஒத்துக்கொண்டேன்.

போட்டி தை மாதம் ஒரு சனிக்கிழமை. முந்தின நாளே அண்ணன் பிள்ளையார்பட்டிக்குப் போய் அருகம்புல் சாத்திவிட்டு வந்திருந்தார். அவருடைய வேனில்தான் கிளம்பினோம். டீச்சர் முன்னிருக்கையில் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் என் கணவரும் மகனும். "ரெண்டு சாமியும் நம்ம பக்கம். ஜப்பான்காரனே தோத்தாலும் நம்ம தோக்க மாட்டோம்" என்றார் என் கணவர்.

அந்த வீட்டின் முற்றத்தைச் சுற்றிய வளவில் மேடை போட்டிருந்தார்கள். வழுவழுப்பான கருங்கல் தூண்களுக்கு நடுவே நாற்காலிகள். மற்ற அணிகள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்; கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த அணி அமெரிக்கா. பெங்களூர் அணி பிரிட்டன். கோவை அணி யூரோ நாடுகள். நான் என் புடவைகளிலேயே நல்லதைக் கட்டியிருந்தேன். பதிவு மேசையில் இருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "பேரன்ட்ஸ் அங்குட்டு உக்காருங்க" என்று கை காட்டினாள்.

"நாங்க பேரன்ட்ஸ் இல்லத்தா. நாங்கதான் ஜப்பான்" என்றார் அண்ணன்.

அவள் வாய்விட்டுச் சிரித்து, மூன்று அட்டைகளை எடுத்து எங்கள் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

மற்ற அணிகள் நன்றாகப் பேசினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டன் அணிப் பெண், ஒரு அரசாங்கம் வருமானத்துக்கு வழி சொல்லாமல் வரியைக் குறைக்கிறேன் என்றால் பத்திரம் வாங்கியவர்கள் ஒரே நாளில் எப்படிப் பயந்து ஓடுவார்கள் என்று சொன்னபோது, நானே கை தட்டினேன். கைதட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அடுத்தது நாங்கள்.

டீச்சர் படங்களைக் காட்டி நாட்டின் நிலைமையைச் சொன்னாள். அண்ணன் யென் இளைத்ததால் ஏற்றுமதிக்காரர்களுக்கு என்ன லாபம், எண்ணெயும் சாப்பாடும் வெளியிலிருந்து வாங்கும் வீடுகளுக்கு என்ன நட்டம் என்று சொன்னார். முடிவைச் சொல்ல வேண்டியது நான். மைக்கின் முன்னால் நின்றேன். "வட்டியை ஏற்றுகிறோம். கொஞ்சமாக ஏற்றுகிறோம்" என்று ஆரம்பித்தேன். நான் ஒன்று சொல்ல, தமிழ் தெரிந்தவர்கள் முகத்தில் ஒரு அசைவு வரும். காதோரம் மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்த பிறகு, தமிழ் தெரியாத நடுவர் முகத்தில் அதே அசைவு தாமதமாக வரும். அந்த இடைவெளி எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தது.

கேள்வி நேரம் வந்தது. தலைமை நடுவர், பெரிய வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் கேள்வியிலேயே கழுத்தைப் பிடித்தார்.

"இதைவிடக் குறைந்த கடனுக்கே கிரீஸ் திவாலாகும் நிலைக்குப் போனது. உங்களுடையது அதைவிடப் பெரிய கடன். வட்டியையும் ஏற்றுகிறேன் என்கிறீர்கள். உங்களுக்குப் பயமில்லையா?"

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் வேறு. அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

"கிரீஸ் வாங்குனது வெளியாளுக கிட்ட சார். அதுவும் தன்னால அச்சடிக்க முடியாத பணத்துல. எங்க கடன் எங்க பணத்துல. பெரும்பாலும் எங்க ஆளுக கிட்டயே வாங்குனது. அப்பா மக கிட்ட வாங்குன கடன் மாதிரி. கடன் கடன்தான். ஆனா வீட்ட ஜப்தி பண்ண வெளியில இருந்து ஆள் வராது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு தாமதமாக அந்த நடுவரின் சிரிப்பு.

"அப்படியென்றால் வட்டியே இல்லாமல் விட்டுவிடலாமே?" தலைமை நடுவர் விடவில்லை.

"அந்த மக இத்தன வருஷமா வட்டியே கேக்கல சார். சம்பாதிச்சதக் கொண்டுபோய்ப் போட்டுட்டுச் சும்மா இருந்தா. இப்ப அரிசி வெலை ஏறுது, எண்ணெ வெலை ஏறுது, அவளுக்கும் வயசாயிருச்சு. இப்பக் கேக்குறா. குடுக்கணும். குடுக்குறதுல அப்பனுக்குக் கொஞ்சம் வலிக்கும். ஆனா அந்தக் காசு அதே வீட்டுலதான் செலவாகும்."

கை தட்டல் தூண்களில் மோதித் திரும்பியது. என் மகன் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தான்.

அமெரிக்க அணியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். கண்ணாடி போட்டவன், நிதானமானவன். அன்றைக்கு வந்ததிலேயே கூரான கேள்வி அவனுடையதுதான். "மேடம், உங்க நாட்டுல வட்டியே இல்லாம யென் கடன் வாங்கி, உலகம் பூரா எங்க பத்திரத்துலயும் பங்குலயும் போட்டு வச்சிருக்காங்க. நீங்க வட்டிய ஏத்துனா அவங்க எல்லாத்தையும் வித்துட்டுக் கடனத் திருப்ப ஓடி வருவாங்க. எங்க சந்தை விழுமே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஓட மாட்டார்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். மனசு ஒப்பவில்லை.

"ஓடத்தான் செய்வாக தம்பி" என்றேன். "சும்மா கெடைச்ச பணம் இனிமே சும்மா கெடைக்காதுன்னு தெரிஞ்சா யாரும் ஓடுவாக. அத எங்களால தடுக்க முடியாது. ஒண்ணுதான் எங்க கையில இருக்கு. திடுக்குன்னு செய்யாம இருக்குறது. முன்னாடியே சொல்லிட்டா நடந்து போவாக. சொல்லாம செஞ்சா ஒரே வாசல்ல முண்டியடிச்சு ஓடுவாக. அதுல மிதிபடப் போறது நீங்கதான்."

அவன் உட்காரும்போது தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தான்.

தமிழ் தெரியாத நடுவர் கடைசியாகக் கேட்டார். ஏற்றிய பிறகு வியாபாரம் மறுபடி படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது அவர் கேள்வி.

"எறக்குவோம். ஏத்தி வச்சிருந்தாத்தானே எறக்க எடம் இருக்கும்? தரையோட தரையாப் படுத்துக் கெடந்தா எங்குட்டு எறங்குறது?" என்றேன். அவர் மொழிபெயர்ப்பைக் கேட்டு முடித்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கித் தட்டினார்.

முடிவை மாலையில் சொன்னார்கள். மூன்றாம் இடம் கோவை. இரண்டாம் இடம் அமெரிக்காவாக வந்த சென்னை. அடுத்து என்ன பெயர் சொன்னார்கள் என்று எனக்குக் காதில் விழவில்லை. "ஜப்பான்" என்ற சொல் மட்டும் கேட்டது. டீச்சர் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அண்ணன் மேடைக்கு ஓடியவர், பாதியில் நின்று திரும்பி வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோப்பையை வாங்கும்போது தலைமை நடுவர் குனிந்து, "இத்தனை வருடத்தில் வட்டியைப் பற்றி இப்படித் தெளிவாக நான் கேட்டதில்லை. இதைத் தமிழில் கேட்டதே இல்லை" என்றார். சென்னைப் பிள்ளைகள் வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிப் பையன் என் நம்பரை வாங்கிக்கொண்டான். என் கணவர் வேனுக்குள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும் வரை யாரிடமும் கொடுக்கவில்லை. செக்காலைக்குள் நுழைந்ததும் அண்ணன் அடித்த ஹாரனை இரண்டு தெரு தாண்டும் வரை நிறுத்தவில்லை.

பங்குனியில் ஜப்பானின் உண்மையான மத்திய வங்கியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்த வட்டியை மேலே தூக்கியது. கொஞ்சமாக. ஏற்றப்போகிறோம் என்று பல வாரமாகக் கோடி காட்டிவிட்டு. சந்தைகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. செய்தி வந்த அன்று டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்து, "அக்கா, நம்ம பேச்சக் கேட்டுட்டாக!" என்று கத்தினாள். பின்னால் பிள்ளைகள் இரையும் சத்தம்.

ஆடி மாதம் இன்னொரு முறை ஏற்றினார்கள். அப்போது பலர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த சில நாட்களில் டோக்கியோவிலிருந்து நியூயார்க் வரைக்கும் பங்குச் சந்தைகள் சரிந்தன, மும்பையும் தப்பவில்லை. அன்று காலை கண்ணாடி போட்ட அந்தச் சென்னைப் பையன் கூப்பிட்டான்.

"அக்கா, ஓடுறாங்க அக்கா! நீங்க சொன்ன மாதிரியே ஒரே வாசல்ல ஓடுறாங்க!"

"பயப்படாத தம்பி. வாசல் காலியானதும் நின்னுரும்" என்றேன். நின்றது. சந்தைகள் சீக்கிரமே எழுந்துகொண்டன. அதற்குள், பங்கில் பணம் போட்டிருந்த எங்கள் தெருக்காரர்கள் நான்கைந்து பேர் அண்ணனின் கடை வாசலில் கூடிவிட்டார்கள். அண்ணன் எனக்கு ஆட்டோ அனுப்பினார். டயர்களுக்கும் செயின்களுக்கும் நடுவே நின்று, ஜப்பானில் வட்டி ஏறியதற்கு மும்பை ஏன் விழுகிறது என்று விளக்கினேன். நகைக்கடைக்காரர் ஒருவர், "விக்கலாமா வேணாமாம்மா?" என்று கேட்டார். "அது ஒங்க இஷ்டம் சார். ஏன் விழுந்துச்சுன்னு மட்டுந்தான் நான் சொல்ல முடியும்" என்றேன். ஆனாலும் யாரும் கலைந்து போகவில்லை. டீ வந்தது. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

எம்.ஏ. முடித்ததும் பேராசிரியரே கூப்பிட்டு, மாலை நேர வகுப்பில் பன்னாட்டு நிதி என்ற பாடத்தை எடுக்கச் சொன்னார். தமிழில் எடுக்க ஆள் இல்லையாம். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன: ரயில்வேக்காரர் ஒருவர், இரண்டு நர்சுகள், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண், பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள். பாடத்தை ஆரம்பிக்கும் முன்பே நர்சு ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மேடம், இத்தாலிக்கும் கடன் நெறையாமே? அதுக்குத் தனியாப் பணம் அச்சடிக்கவும் முடியாதாமே? அப்ப அது எப்பிடி மேடம் சமாளிக்குது?"

என்ன அழகான கேள்வி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் நடுவில் இத்தாலி என்று பெரிதாக எழுதினேன்.